நிறைவுற்ற பணி

கரட்டுமேட்டுப்பட்டி,
உத்தமபாளையம் வட்டம்.
12.06.2025

தம்பி இனியனுக்கு அக்கா பவானி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை உனக்கு வாட்ஸாப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். நம் பள்ளிக்கூடத்தில் உங்கள் கம்பெனி கட்டிய பெண்பிள்ளைகள் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று. நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டியது. அதன் பிறகு உன் முகப்படம் மறைந்துவிட்டது. கூப்பிட்டால் மணியும் அடிப்பதில்லை. "மாமா நம்மள பிளாக் பண்ணிட்டாகம்மா" என்று திரிஷா சொன்னாள். அதனால்தான் உன் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். தபாலை நீ தடுக்க முடியாது.

ஏப்ரலில் திரிஷா தேனி பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தது உனக்குத் தெரியும். கூரியரில் பழமும் சத்துமாவும் அனுப்பினாய். ஏன் கிடந்தாள் என்று நீ கேட்கவில்லை. சிறுநீரில் கிருமி ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போயிருந்தது. "ஏம்மா, நாள் பூரா தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். "குடிச்சா ஒண்ணுக்கு வரும் டாக்டர். பள்ளிக்கூடத்துல போக எடமில்ல" என்றாள் பிள்ளை. காலையில் குடிக்கிற காப்பியோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வரைக்கும் தொண்டையை நனைப்பதில்லை. அவள் மட்டுமில்லை, வகுப்பே அப்படித்தான். பழைய கழிப்பறை கூரை இடிந்து நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓடைக்கு அந்தப்பக்கம் திராட்சைத் தோட்டத்துக்காரர் வேலி போட்டதிலிருந்து ஒதுங்கவும் இடமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மூன்று வருடமாக நான்தான் தலைவி. பெற்ற மகள் சொல்லித்தான் எனக்கு இது தெரியவேண்டியிருந்தது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் பட்ட வெட்கத்தை உன்னிடம் சொல்லிப் பயனில்லை.

அந்த டாக்டரம்மாதான் வழி சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்குச் சி.எஸ்.ஆர். என்று பெயர், இணையத்தில் தேடி எழுதிக் கேளுங்கள் என்றார்கள். என் தம்பியே அந்த வேலையில்தான் இருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னேன். உன்னிடம்தான் முதலில் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "இந்த வருஷம் தேனி மாவட்டம் எங்க லிஸ்ட்டுல இல்லக்கா" என்று வைத்துவிட்டாய்.

சரி, நாமே தேடுவோம் என்று உட்கார்ந்தோம். திரிஷா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் வந்ததெல்லாம் கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கும் படங்கள், ஓட்டலில் நடக்கும் மாநாடுகள், அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் விளம்பரங்கள். பிறகுதான் விவரம் புரிந்தது. எந்தக் கம்பெனி எந்த மாவட்டத்தில் என்ன செய்தது என்று காட்டும் அரசாங்கத் தளம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தளத்திலேயே இதற்கான குழு யார் யார், எந்தெந்த வேலை நடந்தது என்று போட்டாக வேண்டும். திராட்சைக் கொடிக் கவாத்து வேலைக்குப் போன இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து படிப்பேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆனது. ஆனாலும் படித்தேன். பதினேழு கம்பெனிக்கு எழுதினேன். பெரும்பாலும் பதில் இல்லை.

மே கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. "உங்கள் பள்ளியில் 2023 மார்ச்சிலேயே எட்டு அறைகள் கொண்ட கழிப்பறைக் கட்டடம் வேறொரு நிறுவனத்தால் கட்டி ஒப்படைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுகளில் உள்ளது. ஆகவே உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை."

எந்த நிறுவனம் என்று தேடினேன். உன் கம்பெனியின் ஆண்டறிக்கை, நூற்றுப் பதினொன்றாம் பக்கம். நம் ஊர்ப் பெயர், நம் பள்ளிப் பெயர், எதிரே "நிறைவுற்றது".

எந்தப் பக்கம் இருக்கிறது, சொல்.

அக்கா,
பவானி


சென்னை
21.06.2025

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. அலுவலகத்துக்கு எழுதாதே. ரிசப்ஷனில் வாங்கி, நாலு மேசை தாண்டி, கவரைக் கிழித்துத்தான் என்னிடம் கொடுத்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கீழே வீட்டு முகவரி இருக்கிறது. எழுதியே ஆகவேண்டும் என்றால் அதற்கு எழுது.

இரண்டாவது, நீ பார்த்தது ஒரு சின்னத் தவறு. அறிக்கை தயாரிக்கிறவர்கள் ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். இருநூறு பக்கத்தில் ஒரு வரி. இதற்காக வீட்டு விஷயத்தை ரோட்டுக்குக் கொண்டுவருவாயா? இணையத்தில் நாலு பக்கம் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. நான் இந்தத் துறையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஒரு வேலை எப்படி வருகிறது, எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், எங்கே தாமதமாகிறது, ஒன்றும் தெரியாமல் "எந்தப் பக்கம் இருக்கிறது" என்று தாசில்தார் மாதிரிக் கேட்கிறாய்.

திரிஷாவை நான் மறந்துவிட்டேன் என்று குத்திக் காட்டியிருக்கிறாய். அவள் சடங்குக்கு நான் வந்து நின்ற மாதிரி நம் தெருவில் எந்தத் தாய்மாமன் வந்து நின்றான்? மச்சானைக் கேட்டுப் பார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வரமுடியாத வேலை. சொல்லவும் செய்தேன்.

அடுத்த அறிக்கையில் திருத்தச் சொல்கிறேன். இதோடு விடு. இனி எந்தக் கம்பெனிக்கும் இதைப் பற்றி எழுதாதே. எழுதினால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

இனியன்


கரட்டுமேட்டுப்பட்டி
28.06.2025

தம்பி இனியனுக்கு,

ஊர்ப்பெயர் மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெயர் மாறலாம். படமும் மாறுமா?

உன் கம்பெனித் தளத்தில் "எங்கள் பணிகள்" என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திரிஷாதான் கண்டுபிடித்தாள். நீலச் சுவர், வெள்ளைக் கதவு, முன்னால் சீருடையில் ஆறு பெண்பிள்ளைகள், தலைக்கு மேல் உன் கம்பெனிப் பெயர் போட்ட துணி. இடமிருந்து மூன்றாவது நிற்பது உன் மருமகள். கையில் வாளி. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது நம்ம வீட்டுப் பாத்ரூம்மா."

ஆமாம். நீ 2023 மாசி மாதம் வந்து நம் வீட்டுப் பின்னால் கட்டினாயே, அந்தக் குளியலறை. "கை கழுவும் பழக்கத்துக்கு ஒரு போட்டோ எடுக்கணும்க்கா, நாலு பிள்ளைகளக் கூப்பிடு" என்று நீ சொல்லி, நான்தான் தெருவில் போய்க் கூட்டி வந்தேன். உன்னோடு வந்த இரண்டு பேருக்கும் நான்தான் காப்பி போட்டேன். நம் தெருப் பஞ்சம்மாள் மகள் வரமாட்டேன் என்றாள், அவளுக்குத் தலை சீவி நான்தான் நிறுத்தினேன்.

எழுத எழுத இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அன்று கிளம்பும்போது ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டினாய். "பள்ளிக்கூடத்துக்கு ஏதாச்சும் கேக்குறதுக்கு ஒரு லெட்டர்க்கா, தலைவிங்கிற முறையில ஒரு கையெழுத்துப் போடு" என்றாய். மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்தினேன். அது என்ன தாள்?

இதற்கு நீ பதில் எழுத வேண்டும். சின்னத் தவறு, பெரிய தவறு என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என் பிள்ளையை நிறுத்தி வைத்துப் பொய்ப் படம் எடுத்திருக்கிறாய். அந்தப் பொய் அங்கே இருக்கிற வரைக்கும் வேறு எவரும் எங்களுக்கு ஒரு செங்கல் தரப்போவதில்லை. நீயும் கட்டவில்லை, கட்ட வருகிறவனையும் வழியில் மறித்து நிற்கிறாய்.

பவானி


சென்னை
07.07.2025

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நீ போட்டது ஒப்படைப்புச் சான்று. "கட்டடம் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, மாணவிகள் பயன்படுத்தி வருகிறார்கள்." முதல் கையெழுத்து உன்னுடையது. இரண்டாவது அப்போதிருந்த தலைமையாசிரியருடையது, அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் கையெழுத்து அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நீ இதைக் கிளறினால் முதலில் யார் வீட்டுக்கு வருவார்கள் என்று நீயே யோசி. ஆங்கிலம் தெரியாது, தம்பி சொன்னான் என்றெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். தலைவி என்று முத்திரை குத்தியிருக்கிறாய்.

நான் திருடன் இல்லை. அந்த வருடம் மூன்று பள்ளிகளில் கட்ட வேண்டும். மூன்றாவதாக நம் பள்ளியைச் சேர்த்தது நான். கேட்கவே ஆள் இல்லாத ஊரை நான்தான் பட்டியலில் ஏற்றினேன். கட்டித்தர எடுத்துக்கொண்ட தொண்டு நிறுவனத்துக்காரன் இரண்டைக் கட்டினான், மூன்றாவதைத் தொடவில்லை. மார்ச் முடிகிறது. முடியாத வேலையை முடியவில்லை என்று எழுதினால் மேலே ஆயிரம் கேள்வி. "முடிஞ்சதா காட்டிருங்க, ஏப்ரல்ல கட்டிக்கலாம்" என்றார் எனக்கு மேலே இருந்தவர். படமும் சான்றும் கேட்டார்கள். கொடுத்தேன். ஏப்ரலில் அந்த ஆள் நிறுவனத்தையே மூடிவிட்டுப் போய்விட்டான். எனக்கு மேலே இருந்தவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை. நீ கேட்கிறாய்.

சண்டை போட எனக்கு நேரமில்லை. கழிப்பறைதானே வேண்டும், நான் கட்டித் தருகிறேன். இரண்டு மாதத்தில் முடியும். பதிலுக்கு ஒரே ஒரு கடிதம் வேண்டும். 2023 மார்ச்சில் கட்டியது, இடையில் மழையில் பழுதாகி இப்போது சரிசெய்யப்பட்டது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

வேண்டாம் என்றால் ஒன்றும் நடக்காது. கட்டடமும் வராது, நீயும் பதில் சொல்லிக்கொண்டு அலைவாய்.

இனியன்


கரட்டுமேட்டுப்பட்டி
16.07.2025

தம்பி இனியனுக்கு,

உன் கடிதத்தை உன் மச்சானிடம் காட்டினேன். அன்றைக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் கூலியாட்களை இறக்கிவிட்டு ஜீப்பை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு. முழுதும் படிக்கவில்லை. "கூடப் பொறந்தவன் கட்டித் தாரேங்குறான். போட்டுக் குடுத்துட்டுப் போ. ஏன் ஊரக் கூட்டுற?" என்றார்கள். உனக்கு ஆள் இருக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பு அறையில் பள்ளிக் குழு கூடியது. உன் கடிதத்தை வாசிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்துத்தான். சந்தனம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தது. "ஒனக்கு வாசிக்கத் தெரியும்னுதான ஒன்னய தலைவியாப் போட்டோம்" என்றது.

பிறகு சந்தனம்மாளே, பொய்க்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்றது. "இன்னைக்கு இதுக்குப் போட்டா, நாளைக்கு அவுக எதக் கொண்டாந்து நீட்டுனாலும் போடணும்." பஞ்சம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பேசிருவ. ஒனக்கு இருக்கது ஆம்பளப் பய. எம்மக தெனமும் வகுத்தப் பிடிச்சுக்கிட்டு வந்து சேருறா. பொய்யில கட்டுனாலும் கதவு கதவுதான். உள்ள போயி தாப்பாப் போட்டுக்கிருவா. எனக்கு அது போதும்." பெண்பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் எல்லாரும் பஞ்சம்மாள் பக்கம் பார்த்தார்கள். நானும்தான்.

ஆகவே ஆளை அனுப்பு. கட்டட்டும். பள்ளிக்கூடத்துக் கிழக்குச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது. புதிய தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்ட தாளை வேலை முடிந்த பிறகு பார்க்கலாம்.

உன்னிடம் இவ்வளவுதான்.

பவானி


சென்னை
25.07.2025

அக்காவுக்கு,

சின்னமனூர் ராக்கையா கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார். எட்டு அறை, அறிக்கையில் உள்ளபடியே. நீல வண்ணம். வாசல் பக்கம் ஒரு கல் பதிப்பார், அதில் என்ன எழுத வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். நீ அதில் தலையிடாதே. வேலை நடக்கும்போது யாரும் போட்டோ எடுக்கக்கூடாது. திரிஷாவிடம் முக்கியமாகச் சொல்.

கடைசியில் புத்தி வந்ததே, அதுவரைக்கும் சரி.

இனியன்


கரட்டுமேட்டுப்பட்டி
24.09.2025

தம்பி இனியனுக்கு,

வேலை முடிந்துவிட்டது. நல்ல வேலை. ராக்கையா கொத்தனார் கலவையில் கை வைக்கவில்லை. எட்டுக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறது. போன புதன்கிழமை திறந்துவிட்டோம். முதல் நாள் பிள்ளைகள் தேவையில்லாமலே போய்ப் போய்விட்டு வந்தார்கள். திரிஷா இப்போது தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகிறாள், காலியாகத் திரும்பி வருகிறது.

நீ சொல்லிப் பதித்த கல்லில் "மார்ச் 2023" என்று வெட்டியிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். "தம்பி பேசுவாகளே ஆத்தா" என்று கொத்தனார் தயங்கினார். "பேசட்டும். நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். இப்போது அந்த இடம் சதுரமாகப் பூசிக் கிடக்கிறது.

நீ அனுப்பிய தாளும் வந்தது. இந்தத் தடவை தமிழில் அடித்து அனுப்பியிருக்கிறாய், நன்றி. படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன்.

உன் கம்பெனியில் இந்த வேலைகளைப் பார்க்கிற குழுவில் மூன்று பேர் பெயர் தளத்தில் இருக்கிறது. அந்த மூன்று பேருக்கும் தனித்தனியே எழுதி இன்று காலை ராயப்பன்பட்டித் தபாலாபீசில் போட்டுவிட்டேன். 2023-இல் எங்கள் பள்ளியில் எதுவும் கட்டப்படவில்லை. படத்தில் இருப்பது என் வீட்டுக் குளியலறை. ஒப்படைப்புச் சான்றில் இருப்பது என் கையெழுத்து, நான் படிக்காமல் போட்டது, அதற்கு என்ன நடவடிக்கையோ எடுங்கள். இப்போது இருக்கிற கட்டடம் இந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கட்டியது. இவ்வளவுதான் எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வசவு எழுதவில்லை.

தாளைப் பிறகு பார்க்கலாம் என்று ஜூலையில் எழுதும்போதே இதைத்தான் செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் ஒரு செங்கல்கூட வந்திருக்காது.

பவானி


சென்னை
13.10.2025

பவானி அக்காவுக்கு,

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்குள் நுழையக்கூடாது. என் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு, ஒரு காவலாளியைக் கூட அனுப்பி, லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நீ இதைத்தானே கேட்டாய்? வாங்கிக்கொள்.

அந்தக் கட்டடம் யார் காசு தெரியுமா உனக்கு? கம்பெனியில் ஏற்கெனவே கட்டியதாக இருக்கிற ஒன்றுக்கு மறுபடி யார் கொடுப்பார்கள்? நான் கடன் வாங்கிக் கட்டினேன். வேலை இருக்கிறது, அடைத்துவிடலாம் என்று வாங்கினேன். நான் கட்டி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருந்து, கடைசிக் கதவு மாட்டியதும் தபாலாபீசுக்குப் போயிருக்கிறாய். நான் காகிதத்தில் பொய் சொன்னேன். நீ என் முகத்துக்கு நேரே சொன்னாய். இதில் யார் யோக்கியம் என்று உன் குழுவைக் கூட்டிக் கேள்.

வெளியில் இருக்கிறவன் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எங்கே அடித்தால் விழுவேன் என்று தெரிந்த ஆள் நீ. அதனால் இனி சண்டையும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு ஊர் என்றால் நீதான். இனி ஊரும் இல்லை. உன் மகளுக்குத் தாய்மாமன் செத்துப்போய்விட்டான் என்று வைத்துக்கொள். அவள் கல்யாணத்துக்கு மாலை எடுக்க வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனியன்


கரட்டுமேட்டுப்பட்டி
19.01.2026

தம்பி இனியனுக்கு,

மூன்று மாதமாக எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இந்தப் பொங்கலுக்கு உன்னிடமிருந்து சீர் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. உன் மச்சான் மட்டும் போகியன்று வாசலில் இரண்டு தடவை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். அக்டோபரிலிருந்து என்னோடு சரியாகப் பேச்சில்லை. "சோறு வையி" என்பார்கள், "போதும்" என்பார்கள். நடுவில் ஒருநாள் மட்டும், "அவன் ஒன்னய நம்பித்தான கட்டுனான்" என்றார்கள்.

விசாரணைக்கு டிசம்பரில் இங்கன வந்தார்கள், ஒரு அம்மாவும் இரண்டு ஆண்களும். அந்த அம்மா பழைய சான்றை மேசையில் விரித்து வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தம்பி நீட்டுனான், போட்டேன்."

அதையும் அந்த அம்மா அப்படியே எழுதிக்கொண்டார்கள். புதுக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். இதை நீ உன் சொந்தக் கடனில் கட்டினாய் என்று நானே சொன்னேன், உன் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தேன். ராக்கையா கொத்தனாரும் வந்து சொன்னார். உனக்கு மேலே இருந்தவர் "முடிஞ்சதா காட்டிருங்க" என்று சொன்னதாக நீ எழுதிய பகுதியையும் கொடுத்தேன். அதனால் உனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருந்தது, கொடுத்தேன்.

என்னைத் தலைவி பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்வி ஆபீசிலிருந்து எழுத்தில் வந்தது. பஞ்சம்மாள் இப்போது தலைவி. எந்தத் தாள் வந்தாலும் இரண்டு நாள் வீட்டில் வைத்து, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் போடுகிறது. ஊரில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால், தம்பியைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஒதுங்கிப் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கழிப்பறைக்குத்தான் போகிறார்கள்.

யார் யோக்கியம் என்று கேட்டிருந்தாய். மூன்று மாதம் யோசித்தேன். உன்னை ஏமாற்றிக் கட்டவைத்தது தப்புதான். அதில் சமாதானம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மறுபடி அந்த ஜூலை மாதம் வந்தாலும் அதையேதான் செய்வேன். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னை வேலையிலிருந்து எடுத்தேவிட்டார்கள் என்று உன் மச்சான் மூலம் கேள்விப்பட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுத உட்கார்ந்தால் கை அந்தச் சொல்லுக்குப் போகமாட்டேன் என்கிறது. நீயும் எனக்கு அதை எழுதவில்லை. திரிஷாவுக்கும் எழுதவில்லை. அந்தப் படத்தில் தான் சிரித்துக்கொண்டு நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உன் கம்பெனி அந்தப் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அவள் இன்னும் அடிக்கடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள், எடுத்தாகிவிட்டதா என்று.

பவானி


கோயம்புத்தூர்
09.02.2026

பவானிக்கு,

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேனிடம் யார் என்று சொல்லவில்லை, கட்டடம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன், விட்டார். அதை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் கிழக்குச் சுவர் ஓரமாக நின்றேன். திரிஷா தோழிகளோடு வந்து கைகழுவிவிட்டுப் போனாள். நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வரவில்லை. இனியும் வரமாட்டேன். அக்டோபரில் எழுதியதில் எந்தச் சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது, முகவரி உனக்குத் தேவையில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மேலே வைத்திருக்கிற தண்ணீர்த் தொட்டி சின்னது. எட்டு அறைக்கு அது போதாது. நான்தான் அளவைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். பதினொரு மணிக்கே தீர்ந்துபோய்ப் பிள்ளைகள் அடிகுழாயிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயில் காலத்தில் இன்னும் மோசமாகும். பெரியதாக இன்னொன்று வைக்க ராக்கையாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் புதன்கிழமை காலை கொண்டுவருவார். மோட்டார் அறைச் சாவியோடு யாராவது நிற்க வேண்டும். நீ நிற்க வேண்டாம். பஞ்சம்மாளை நிற்கச் சொல்.

இனியன்